எட்டாவது பூச்சு

முயல்தோல் பசையை இரவே ஊறப்போட வேண்டும்.
ஒரு பங்கு பசைக்குப் பத்துப் பங்கு தண்ணீர்.
காலையில் ஜவ்வரிசிபோல் உப்பிக்கிடக்கும்,
நாற்றம் மட்டும் வேறு.
வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கு.
சுண்டவிடாதே.
இதையெல்லாம் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியவள் நான்தான்,
சிவப்பு மையில்,
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

ப்லோவ்திவ் நகரில் பனி கொட்டிய வாரம்.
லிண்டன் பலகை, அதன்மேல் ராலிட்சாவின் பழைய மேசைவிரிப்பு,
அதன்மேல் சீமைச் சுண்ணாம்பும் பசையும்.
ஒரு பூச்சு நெடுக்கே, ஒரு பூச்சு குறுக்கே.
சுண்ணாம்பைப் பசையில் கிளறக் கூடாது,
தூவிவிட்டுச் சும்மா இருந்தால் தானே மூழ்கும்.
கிளறினால் குமிழி,
குமிழி காய்ந்தால் ஊசித்துளை,
புனிதரின் கன்னத்தில் அம்மைத் தழும்பு.
ஏழு பூச்சு ஒழுங்காகவே போனது.

எட்டாவதுக்கு முன்னால்
கட்டடக்காரர் தொலைபேசியில் வந்தார்.
கொதிகலனைப் பற்றி இருபது நிமிடம்.
திரும்பிப் பார்த்தால் பசை சுண்டித்
தேன்போல் கரண்டியில் தொங்கியது.

தெரிந்துதான் பூசினேன்.
கெட்டிப் பசை, கெட்டி வேலை என்று
கை சொல்லிற்று, கேட்டுக்கொண்டேன்.

மெலிந்த பூச்சின்மேல் வலுத்த பூச்சு நிற்காது.
காயும்போது மேலுள்ளது இழுக்கும்,
கீழுள்ளது கிழியும்.
விடிந்தபோது பலகையின் இடது தோளிலிருந்து
கீழ்மூலை வரை
மயிரிழை மயிரிழையாய்.

"நிரப்பிவிடு" என்றாள் ராலிட்சா.
"பதினான்காம் தேதி திரிபோன் திருநாள்.
திராட்சைக் கொடி நமக்காகக் காத்திருக்காது.
மேலே தங்கம் வந்தால் எல்லாம் மூடிவிடும்."

தங்கம் எதையும் மூடாது.
ஒரு தூசு கிடந்தால்
அந்தத் தூசுக்கும் மெருகேற்றி ஊருக்குக் காட்டும்.

ஈரத்துணியும் கத்தியும், இரண்டு நாள்.
வாளியில் பால்போல் தண்ணீர்,
நகக்கண்ணெல்லாம் வெள்ளை.
மேசைவிரிப்பு வரை இறங்கியபோது
நடுவில் ஊதாக் கறை ஒன்று தலைகாட்டியது.
"என் கல்யாணத்தில் கொட்டிய ஒயின்" என்றாள்.
எந்தக் கல்யாணம் என்றேன்.
"முதலாவது."
அவளே முதல் பூச்சை எடுத்து அதன்மேல் தடவினாள்,
கொஞ்சம் அழுத்தமாகவே.

தொலைபேசியை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு
மறுபடி எட்டு.

பிறகு செம்மண் குழம்பு, பூனை நாக்கின் நிறம் வரும்வரை.
தங்கத் தாளை விரலால் தொட முடியாது, காணாமல் போகும்.
அணில்மயிர்த் தூரிகையைக் கன்னத்தில் ஒரு முறை இழுத்தால்
கன்னத்து எண்ணெய் போதும், தாள் ஒட்டிக்கொண்டு வரும்.
(அந்த வாரம் நான் முகம் கழுவவில்லை.)
செம்மண்மேல் ஊதக் கூடாது,
குளிரில் கண்ணாடிமேல் விடுவதுபோல்
அடிவயிற்றிலிருந்து ஒரு "ஹா".
அந்த ஈரத்தில் தாள் தானே இறங்கும்.
ராலிட்சா ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால்
ஒரு மடக்கு ரக்கியா குடித்தாள்.
சாராய மூச்சுக்குப் பிடிப்பு அதிகம் என்பது அவள் கட்சி.
ஆறாவது வரிசை கொஞ்சம் கோணல்.

அகேட் கல்லால் தேய்க்குமுன் தட்டிப் பார்க்க வேண்டும்.
"தொப்" என்றால் உள்ளே ஈரம், கையை எடு.
"டிக்" என்றால் தேய்க்கலாம்.
பதின்மூன்றாம் தேதி, இரவு பதினொன்றரை, தொப்.
ஒன்றேகால், தொப்.
மூன்று மணிக்கு ராலிட்சா நாற்காலியில் குறட்டை விட்டாள்.
நான் கல்லைத் தலைகீழாய்ப் பிடித்து
புனிதரின் தலைக்குப் பின்னால் தட்டினேன்.

டிக்.

விடியற்காலை வேனோடு வந்தார் வெல்சோ,
கூட்டுறவுக் கிடங்கில் பீப்பாய்களுக்குப் பொறுப்பானவர்.
முகத்தைப் பார்க்கவில்லை, தங்கத்தைப் பார்க்கவில்லை.
பலகையைத் திருப்பி
நடுவிரல் மூட்டால் மூன்று இடத்தில் தட்டினார்,
காதை வைத்தார்.

"கசிவில்லை" என்றார்.

கம்பளியில் சுற்றும்போதுதான்
என் புருவத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்குத் தங்கத்தை
ஊதித் தள்ளினார்.
அது விழவில்லை.