கவ்வியின் எடை

"என்னத்துக்கு மிஸ்?" என்றார் நவ்பர் நானா.
"கால்வாய்க்கு."
பஞ்சிகாவத்தையில் காலை பத்தரை.
வெயில் இரும்பில் பட்டு
எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.
கியர்பெட்டிகளைத் தாண்டி,
அச்சு ஒடிந்த வானொன்றின் அரைவாசியைத் தாண்டிப்
பின்வளவுக்குப் போனோம்.
மூன்று கவ்விகள்
பல்வைத்தியருக்குக் காட்டுவதுபோல
வாய் பிளந்து கிடந்தன.

முதலாவது ஐந்தடி.
மேல்தாடை இரண்டு, ஒன்றையொன்று கேளாமல் மூடும்.
கோணல் கட்டையையும் விடாது என்றார்.
அழகுதான்.
இருநூற்றுப்பத்துக் கிலோ.

என் டிராக்டர் சின்னது.
இருபத்துநாலு குதிரை, பேலியகொடை ஏலத்தில் எடுத்தது.
முன்கை முந்நூற்றெண்பது தூக்கும்,
அதற்குமேல் ஒரு தேங்காய் வைத்தாலும் முனகும்.
கவ்வியின் எடை போகத்தான் கவ்வுகிற எடை.
நானாவின் சிகரெட் பெட்டியில் கழித்துப் பார்த்தேன்:
நூற்றெழுபது.
கையே இவ்வளவு கனத்தால்
கை எதைத் தூக்கும்?

என் சாரதி லக்பிரிய
ஆகாயத்தாமரையை ஜப்பான் ஜபர என்பான்.
டிராக்டரும் ஜப்பான், பூண்டும் ஜப்பான்,
அவங்களுக்குள்ளேயே பேசித் தீர்க்கட்டும் என்பான்.
போன மாதம் வாளியைப் போட்டு அள்ளினோம்.
ஒவ்வொரு வாளியிலும் பாதி தண்ணீர்.
கிருலப்பனைத் தண்ணீரை
வெள்ளவத்தைக் கரையில் ஊற்றுவதற்கு
யாரும் காசு தருவதில்லை.
அதோடு மெத்தை,
ஃப்ரிட்ஜ் கதவு,
கும்பிட்ட கையும் சிரித்த முகமுமாக
ஒரு தேர்தல் பலகை.

ஆகவே பல்லிடைவெளி பார்க்கவேண்டும்.
நெருக்கமென்றால் சேற்றையும் பிடிக்கும்.
அகலமென்றால் போத்தலெல்லாம் திரும்பக் குளிக்கப் போகும்.
நானா அங்குலத்தில் சொன்னார்.
எனக்கு அங்குலம் கண்ணுக்குள் வருவதில்லை.
தெருமுனையில் செவ்விளநீர் வாங்கி
நின்றபடியே குடித்துக்
கோம்பையோடு திரும்பி வந்தேன்.

ஐந்தடிக்காரன் கீழே போட்டான்.
இரண்டாவது, நாலடி, ஒற்றைத் தாடை,
நூற்றுநாற்பத்தைந்து கிலோ,
பிடித்துக்கொண்டது.
மூன்றாவதும் பிடித்தது.
அது கிராண்ட்பாஸில் ஒட்டியது,
லொறி வில்தகட்டை வெட்டிப் பல்லாக்கியது,
தொண்ணூறே கிலோ, பாதி விலை.
மனம் அதிலேயே நின்றது.
லக்பிரிய குந்தியிருந்து
ஒட்டின் வழியே நகத்தை ஓட்டினான்.
ஓரிடத்தில் நகம் நின்றது.
ஒன்றும் சொல்லவில்லை,
எழும்பிக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"மூணாவது லைன் ஈக்கா மிஸ், டிராக்டர்ல?"
இல்லை.
அப்படியென்றால் ஒரு வால்வு, இரண்டு குழாய்,
பிடியில் ஒரு பொத்தான்.
கை வாங்க வந்தவள் நரம்பும் வாங்கவேண்டும்,
அதற்குத் தனிக் கணக்கு.
"பின்னுக்கும் பாரம் வைங்க. இல்லாட்டி மூக்கால குத்தும்."
பின்னுக்குக் கடன் இருக்கே நானா, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பில் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி
ஏழாயிரத்தை வெட்டினார்.

கால்வாய்க்கரைப் பாதை
மதிலுக்கும் கம்பிக்கும் நடுவே ஐந்தடி ஓரங்குலம்.
மாடிவீட்டுக்காரர் அங்கேதான் உடுப்புக் காயப்போடுவார்கள்.
நாலடி போகும். சாரங்களும் தப்பும்.
இதை நான் போன கிழமையே அளந்துவிட்டேன்.
ஆனாலும் முதலில் பார்த்தது ஐந்தடியைத்தான்.

யூஜினா மரியதாஸை
யூசினா மரிதாஸ் என்று எழுதி
முத்திரை குத்தித் தந்தார்.

வாடகைப் பட்டா லொறியில்
வாயைக் கயிற்றால் கட்டி ஏற்றினோம்.
மருதானைச் சந்தியில் சிவப்பு விழுந்தது.
பின்னால் ஒரு ஸ்கூட்டர்காரன்
கழுத்தை நீட்டி எதையோ பார்த்தான்.
நானும் திரும்பிப் பார்த்தேன்:
பல்லுக்குள் கோம்பை அப்படியே இருந்தது,
சொட்டிக்கொண்டு.
இறங்கி எடுக்கவா, என்றான் லக்பிரிய.
பச்சை விழுந்துவிட்டது.