கேட் போட்ட நேரம்

ஏற்றத்தில் ஒரு குறை சொல்லாது இந்தச் சன்னி.
மூன்று ஆளும் இரண்டு மூட்டை லீக்ஸுமாய்
லிந்துலை வளைவெல்லாம் ஏறும்,
முள் பாதியைத் தாண்டாது.

நிற்கச் சொன்னால்தான் கொதிக்கும்.

தர்மோஸ்டாட் மாற்றினேன். மூடி. பிறகு பம்ப்.
எட்டு மாதச் சீட்டுக்காசு அப்படியே போனது.
"ஹெட்டைக் கழட்டணும் மிஸ்" என்றார் அமிர்தலிங்கம் பாஸ்,
விலையைச் சொல்லாமல் கையைத் துடைத்தபடி.

இன்று கொட்டகலையில் கேட் போட்டிருந்தது.
பதுளை ரயில் தாமதம். முள் சிவப்பைத் தொட
பொனட்டைத் திறந்தேன்.
பேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது,
ஒழுங்காக, மரியாதையாக.
பையில் கிடந்த விழாத லொத்தர் சீட்டொன்றை
ரேடியேட்டர் முகத்தில் வைத்தேன்.
ஒட்டிக்கொள்ள வேண்டும்.
பறந்துபோய்த் தண்டவாளத்தில் விழுந்தது.

உள்ளே இழுக்கவேண்டிய காற்றை
வெளியே தள்ளியிருக்கிறது இத்தனை நாள்.
ஓட்டத்தில் எதிர்க்காற்று ஜெயித்துவிட
யாருக்கும் தெரியவில்லை.

யாரோ மாற்றிச் செருகிய இரண்டு வயர்.
என்ஜினை அணைத்து, விரல் சுடச்சுட
இடம் மாற்றினேன்.
அடுத்த சீட்டு ஒட்டிக்கொண்டது, பல்லி மாதிரி.

ரயில் போனது. கேட் எழுந்தது.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
இரு தம்பி,
முள் இறங்குவதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன்.