எண்பத்தாறின் ராணி

வாசலில் ஓர் அட்டை தந்தார்கள்:
'ஒடீல் தெரியோ, 1986.'
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே வந்தவள்,
டீசல் வாடையின் மேல் சென்ட் அடித்துக்கொண்டு
வரிசையில் நின்றேன்.

பாயூ கொர்போவில் இறால் திருவிழா
முப்பத்தெட்டில் தொடங்கியது.
காலையில் பாதிரியார் படகுகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார்,
இரவில் ஒரு பெண்ணுக்கு முடி சூட்டுவார்கள்.
முதல் முடி, ஆலையின் தகர டப்பா.
வெட்டி, வளைத்து, பொன்வண்ணம் பூசியது.
அது நெற்றியைக் கிழித்துவிட்டது.
கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி
விடியும்வரை ஆடினாளாம் அந்தப் பெண்.
இன்றைக்கும் ராணியின் இடுப்பில்
ஒரு சிவப்புக் கைக்குட்டை செருகுகிறோம்.
பட்டு. சலவைக்குப் போடக் கூடாது.

நாற்பத்து மூன்றில் ராஜா அகப்படவில்லை.
மீசை முளைத்தவனெல்லாம் போருக்குப் போயிருந்தான்.
அந்த ராணி ஒரு துடுப்போடு ஆடினாள்.
இரண்டாவது வால்ட்ஸ் இப்போதும் துடுப்புக்குத்தான்;
ராஜா ஓரமாக நின்று
கைதட்ட வேண்டும்.

கால்வாயின் வடகரையில் இன்னொரு நடனம் இருந்தது.
விழா மலரில் அதற்குப் பக்கம் இல்லை.
கறுப்பர்கள் பிடித்த இறாலையும் எங்கள் இறாலையும்
ஒரே தராசில் நிறுத்தார்கள்,
ஒரே பனிக்கட்டியில் புதைத்தார்கள்.
கிரீடத்தை மட்டும் இரண்டாகச் செய்தார்கள்.
எழுபத்து நான்கில்தான் இந்தக் கதவு திறந்தது.
வடகரையின் அறுபத்தொன்பது, லவீனியா பதிஸ்த்,
இன்று எனக்கு முன்னால் நிற்கிறாள்.
நடுவில் நிற்க வேண்டியவர்களைப் புயல்கள்
டெக்சாஸ்வரை தள்ளிவிட்டன.
எல்லோர் அட்டையிலும் அச்சு எழுத்து.
அவளுடையதில் பேனா.

என் வருஷம் எண்ணெய் விலை விழுந்த வருஷம்.
பாதி நாற்காலி காலி.
என் பின்னங்கி பதினோரு அடி;
கடன் அடைய நான்கு ஆண்டு.
ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை என்று
அப்பா கடைசிவரை சொல்லவில்லை,
படகின் பெயரை மட்டும் அழித்தார்,
வாங்கியவன் வேறு பெயர் எழுதட்டும் என்று.
என் ராஜா க்ளோவிஸ் மறுவாரமே
ஹூஸ்டனுக்கு வேலை தேடிப் போனான்.
கிரீடமும் கூடப் போனது.
அடகுக்கடையிலிருந்து மீட்க
கமிட்டிக்கு நாற்பது டாலர் செலவு.

சடங்கு இதுதான்: பழைய ராணிகள்
ஆண்டு வரிசையில் புதியவள்முன் மூழ்க வேண்டும்.
முழங்கால் மடிய, பாவாடை விரிய,
நெற்றி தரைக்கு ஒரு சாண் உயரத்தில்.
இந்த வசந்தத்தில் என் வலது முழங்கால்
எஃகாகிவிட்டது.
மடக்காதே என்றிருக்கிறார் டாக்டர்.
பேருந்தின் கம்பியைப் பிடித்து ஒரு மாதம் முயன்றேன்.
பாதிவரை போகலாம்,
திரும்பி வர இரண்டு பேர் வேண்டும்.

லவீனியா மூழ்கினாள்.
எழுபத்து மூன்று வயசு உடம்பு
மெழுகு உருகுவதுபோல இறங்கி
சாண் கணக்கெல்லாம் பார்க்காமல்
நெற்றியைப் பலகையிலேயே வைத்தது.
வைத்தபடியே இருந்தது.
இசைக்குழு பல்லவியை மறுபடி எடுத்தது,
மறுபடியும்.
யாரும் இருமவில்லை.
அவளே எழுந்தாள், கை கொடுக்க வந்தவனை
பார்வையாலேயே நிறுத்திவிட்டு.

பிறகு என் பெயர்.

மேடையில் கமீல் நக்கான்,
ஒன்பதாம் எண் பேருந்து, மூன்றாவது வரிசை, ஜன்னல்.
பன்னிரண்டு வருஷம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்,
வண்டி ஓடும்போது நிற்காதே, உட்கார் என்று.
நான் கம்பியைத் தேடிக் கை நீட்டினேன்.
கம்பி இல்லை. வெறும் வெளிச்சம்.

கிரீடம் சரியாமல் மெல்லக் குனிந்து
எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:
"நின்னுக்கோங்க, மிஸ் ஒடீல்.
வண்டி நின்னுடுச்சு."

நின்றேன்.
எவ்வளவு நேரமோ.
பின்னால் எண்பத்தேழு செருமினாள்.