ஈரம் கழித்து

இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது.
பெறுபவர் என்று ஒருமுறை,
கடமைப்பட்டவர் என்று ஒருமுறை,
மூன்றாவது வெறும் கையெழுத்து.
தவமலரில் லகரம் மட்டும் மசி கரைந்துபோயிருக்கும்.

ஒரு லட்சத்து இருபதாயிரம், ஒரே தவணை.
பி.எட். முடித்து நான்கு வருஷம்
மலைப்பள்ளியில் பாடம் நடத்தினால்
அது உதவித்தொகை.
நடத்தாவிட்டால் கடன்.
"ரெண்டுக்கும் ஒரே செக்தாம்மா" என்றார்
கோயம்புத்தூர் நிதிய அலுவலகத்து அம்மாள்.
சிரித்தேன்.
அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஜாமீன், நஞ்சா கவுடர்.
தேயிலை செட்டில் எடை போடுகிறவர்.
மழைநாளில் அம்மாவின் இலையில்
பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ
ஈரம் என்று கழிப்பவர்.
அதற்காகவே அம்மா அவரோடு
பேசாதிருந்த வருஷமும் உண்டு.
கையெழுத்துக் கேட்டுப் போனபோது
தராசைப் பார்த்தபடியே பேனாவை வாங்கினார்.
தாளைப் படிக்கவில்லை.
"எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டார்.

யாரும் போக மறுக்கிற பள்ளிகளின் பட்டியலில்
முதலில் இருந்தது எங்கள் கிண்ணக்கோரை.
சொந்த ஊர், அதிர்ஷ்டம் என்றார்கள்.
பஸ் திரும்புகிற இடம்.
எட்டாம் வகுப்பில் பதினோரு பேர்.
மூடுபனி உள்ளே வந்துவிட்டால்
கடைசி பெஞ்சைப் பெயர் சொல்லித்தான்
கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று வருஷம் போனது.
எண்ணவில்லை என்றால் பொய்.

ஒவ்வொரு ஜூலை முப்பத்தொன்றுக்குள்
தலைமையாசிரியர் முத்திரையோடு
'பணியில் இருக்கிறார்' என்றொரு தாள்
கோயம்புத்தூர் போய்ச் சேர வேண்டும்.
இந்த ஜூலையில்
மஞ்சூருக்கு இப்பால் சாலை சரிந்து இறங்கியது.
பன்னிரண்டு நாள் பஸ் இல்லை.
தபால்பை அஞ்சலகத்துப் பெஞ்சில் கிடந்தது.
அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பணியில் இருந்தேன்.
நினைத்தாலும்
வேறெங்கும் போயிருக்க முடியாது.

ஒன்பது நாள் தாமதம்.
பதில் மட்டும் சுருக்காக வந்தது:
விதி பதினான்கின்படி தங்கள் உதவித்தொகை
கடனாக மாற்றப்பட்டது,
பணம் பெற்ற நாள் முதல்,
ஒன்பது சதவீதம், கூட்டுவட்டி.

அன்று நடத்த வேண்டிய பாடமும் கூட்டுவட்டிதான்.
புத்தகத்தில் ஒருவர் டிராக்டர் வாங்கியிருந்தார்.
டிராக்டரை விட்டுவிட்டு
அசல், வீதம், ஆண்டு ஐந்து என்று
பலகையில் எழுதினேன்.
யாருடையது என்று சொல்லவில்லை.
சாக்பீஸ் நமுத்துப்போய் பாதிதான் எழுதியது.

கடைசி வரியை முதலில் எட்டியவள் ரட்சனா,
செட்டில் மூட்டை இறக்கும் பெள்ளியின் மகள்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து
அறுநூற்று முப்பத்தைந்து.
சரி என்றேன்.
அவள் உட்காரவில்லை.

"இவங்க என்ன வேலை, டீச்சர்?"
"பாடம் நடத்துறாங்க."
"எத்தன வருஷமா?"
"மூணு."
"அதக் கழிக்கலையே. செட்டுல
ஈரத்தையே கழிக்கிறாங்க."

பலகையில் அதற்கு இடம் இருந்தது.
சூத்திரத்தில் இல்லை.

மேல்முறையீடு பதிவுத்தபாலில் போயிருக்கிறது,
சரிந்த சாலையின் படம்,
வருகைப் பதிவேட்டின் நகல் எல்லாம் வைத்து.
ஒப்புகை அட்டை திரும்பி வந்தது.
வாங்கிக்கொண்டவர் கையெழுத்து
எந்த மொழி என்றே தெரியவில்லை.

ஜாமீன்தாரருக்கும் ஒரு பிரதி போயிருந்தது.
சனிக்கிழமை, என்ன சொல்வது என்று
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே
செட்டுக்குப் போனேன்.
வரிசையில் அம்மா.
தராசுக்குப் பக்கத்தில் அந்த நோட்டீஸ்,
பின்பக்கம் பூராவும் அன்றைய இலைக்கணக்கு.
அம்மா பெயருக்கு நேரே பதினெட்டரை.

"ஈரம் கழிக்கலையா?" என்றாள் அம்மா,
சண்டைக்கு வந்தவள் போல.
"வெயில்ல பறிச்ச இலை" என்றார் கவுடர்.
தகரக் கூரையில் மழை
அவர் சொன்னது காதில் விழாத அளவுக்குப்
பெய்துகொண்டிருந்தது.