நான்காம் இரவு

படிவத்தில் பதினாறு இரவுகளுக்கும்
பதினாறு கட்டம் இருந்தது.
முதல் மூன்றில் கொலோன் நகரத்தில்
ஷெர்லினின் சித்தி மகள் முகவரி.
நான்காவதில் நான் எழுதினேன்:
முதலில் எந்த ரயில் வருகிறதோ
அதைப் பொறுத்து.

உண்மைதானே என்றேன்.
உண்மை கட்டத்துக்குள்ள நிக்காது பிள்ளே
என்றாள் ஷெர்லின்.

கடவுச்சீட்டுகள் கூரியரில் தக்கலைக்கு வந்தன.
உறையைத் தொட்டதுமே தெரிந்தது,
ஒன்றும் ஒட்டப்படாத புத்தகம்
போன கனத்தில்தான் திரும்பும்.
பயணத்தின் நோக்கம்
நம்பத் தகுந்ததாக இல்லையாம்.

ஆனால் விடுப்பு கிடைத்துவிட்டது.
பதினேழு வருடமாக
சார்பதிவாளர் அலுவலகத்தில்
பிறர் நிலத்துக்கு
எல்லை சரிபார்க்கிறவள் நான்.
கிழக்கே தாவீது வகை தென்னை,
மேற்கே ஓடைப் புறம்போக்கு,
வடக்கே பாதை,
தெற்கே இதே சர்வே எண்ணில் மீதி.
எனக்குப் பதினாறு நாள் சேர்ந்தாற்போல் கொடுத்ததே
கேக் வெட்டி வழியனுப்பத்தான்.
கேக் வெட்டியாகிவிட்டது.

வடசேரி பேருந்து நிலையம், காலை ஆறேகால்.
ஆளுக்கொரு முதுகுப்பை,
பனிக்கு வாங்கிய கம்பளித் தொப்பி உள்பட.
விதி ஒன்றே ஒன்று:
பஸ்ஸின் பலகையைப் படிக்கக் கூடாது.

எங்க போவணும்?
இது போற இடத்துக்கு.
இது எங்க போவுதுன்னு தெரியுமா?
தெரியாது.
நடத்துனர் என்னைப் பார்த்தார்,
பிறகு ஷெர்லினை,
பிறகு மறுபடி பையை.
பெண்களுக்குக் காசு வேண்டாம்,
ஆனாலும் ஊர் வேண்டும்.
ஊரை அமுக்காம மெஷின்ல சீட்டு வராதும்மா,
சும்மா போற சீட்டானாலும்.

முன்சீட்டுப் பெரியவர் எங்கே?
அவர் இரணியல்.
எங்களுக்கும் இரணியல்.

அப்படித்தான் ஆரம்பித்தோம்,
பிறருடைய ஊர்களைக் கடன் வாங்கி.
ஒரு மீன்கூடைக்காரியோடு குளச்சல்,
பரீட்சைக்குப் போகிற பையனோடு கருங்கல்,
அழுதுகொண்டே வந்த ஒருத்தியோடு தேங்காப்பட்டணம்.
அவளிடம் மட்டும் ஊர் கேட்கவில்லை,
அவள் இறங்கியபோது இறங்கினோம்,
அவள் திரும்பிப் பார்க்கும் முன்
எதிர்ப்பக்கம் நடந்தோம்.

களியக்காவிளையில் எல்லை.
முத்திரை குத்த யாருமில்லை.
லாட்டரிக்காரர் ஒருவர் கையை நீட்டினார்.
வாங்கி, கடவுச்சீட்டின்
வெறும் பக்கத்தில் செருகிக்கொண்டாள் ஷெர்லின்.
(பரிசு விழவில்லை.
அடுத்த எண்ணுக்குக்கூட விழவில்லை.)
போஞ்சி குடித்துவிட்டு
அதே எல்லையைத் திரும்பக் கடந்தோம்.

மூன்றாம் நாள் ஏறிய பஸ்
தக்கலைக்குள் திரும்பி
என் தெருமுனையில் நின்றது.
மாடியில் எட்வின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்,
வாயில் இரண்டு கிளிப்.
பார்த்துவிட்டார்.
கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன்.
பஸ் நகர்ந்தது.
ஐரோப்பாவில் இது நடந்திருக்காது
என்றாள் ஷெர்லின்.
நான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
அந்த நீலச் சட்டையை
உள்புறம் வெளியே வைத்துக் காயப்போட
இன்னும் அவருக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் குலசேகரத்தில் ஏறியது
பேச்சிப்பாறை தாண்டி, ரப்பர் தாண்டி,
செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர
கோதையாற்றில் போய் அணைந்தது.
ஓட்டுநர் பாயை உதறினார்:
இனி காலையில அஞ்சரைக்குத்தான்.

மின்நிலையத்தின் ரீங்காரம்.
மழை வரலாம்.
லயத்து வீட்டு வாசலில் நின்ற ரோஸ்லெட்
எங்களை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.
எங்கிருந்து என்றல்ல,
எத்தனை நாள் என்றல்ல.
மரச்சீனி திம்பியளா?

தின்றோம், நெத்திலிக் குழம்போடு.
விடிய மூன்றரைக்கு
நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு
பால்வெட்டப் புறப்பட்டவள்
கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனாள்.
நான் கம்பளித் தொப்பியோடு
விழித்துக் கிடந்தேன்.

இதற்குச் செக்குபந்தியாவது:
வடக்கே காடு.
தெற்கே, மரம் மரமாய் நின்று நின்று போகும்
ஒரு சின்ன வெளிச்சம்.
கிழக்கே என்னவென்று தெரியவில்லை.
மேற்கே ஷெர்லின், குறட்டையோடு.