ஒன்றுமில்லாத கட்டங்கள் இரண்டு வகை

திருத்துறைப்பூண்டி, ஐப்பசி இருபத்தொன்று.
முள்ளியாறு கரை தட்டிப் போகிறது.
மூழ்கிய சம்பாவின் பட்டியல் என் திரையில்:
பதினோராயிரத்துச் சொச்சம் வரிசை,
புல எண், பரப்பு, தந்தை அல்லது கணவர் பெயர்.

கட்டத்துக்குள் கர்சரை வைத்து
எதுவும் அடிக்காமல் டேப் தட்டினாலே போதும்,
இந்த மென்பொருள் அங்கே
வெற்றுச் சரம் ஒன்றை எழுதிவிடுகிறது.
நல் வேறு. தமிழில் எழுதினால்
என்னமோ நல்லது போலிருக்கிறது.
நல் என்றால் இன்னும் யாரும் கேட்கவில்லை.
வெற்றுச் சரம் என்றால்
கேட்டாயிற்று, பதில் ஒன்றுமில்லை.
கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

மதகுப் பதிவேட்டில் சைபர் அடி என்றிருந்தால்
வாய்க்கால் வறண்டது.
எழுதாத நாளில்
லஸ்கருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம்,
வெள்ளம் அளவுகோலையே கொண்டுபோயிருக்கலாம்.
இரண்டையும் சேர்த்துச் சராசரி போடுகிறவன்
ஆற்றைப் பார்த்தவனில்லை.

செங்கமலம், தலைக்காடு, மூன்று மா.
முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:
"பேரு போட்டா அவரு கையெழுத்து கேப்பீங்க.
போடாம விட்டா செத்துட்டாருன்னு ஆயிடும்.
ரெண்டும் இல்லாம ஒரு வழி இருக்கா?"
கரூருக்கு வேலைக்குப் போன மனிதர்.
ஒன்பது வருஷம்.
இருக்கிறதம்மா.
கன்ட்ரோலை அழுத்தியபடி சைபர்.
கட்டம் சாம்பல் நிறமானது.

மதியம் லூர்து டி'மான்டி வந்தார், பெயராக.
டிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றைக் குறி
வரப்பில் நண்டு வளை.
பெயர் அதோடு முடிந்ததென்று நம்பிய கட்டளை
மான்டியை வெட்டவெளியில் விட்டது.
சேமிக்காத இருநூறு வரிசையும் கூடவே போயிற்று.
பக்கத்து மேசைக் குணபூஷணி சொன்னாள்,
"குறிய எடுத்துட்டு டிமான்டின்னு போடேன்."
டிமான்டி என்று ஒருவர் இல்லையே.
பட்டாவில் குறி இருக்கிறது.
அதன் பக்கத்திலேயே இன்னொரு குறி வைத்தேன்.
வளையை அடைக்க எங்கே போகிறோம்,
அதே வரப்பு மண்ணில் இன்னொரு கை.
சேமித்த பிறகு பார்த்தேன்,
உள்ளே ஒன்றுதான் இருந்தது.

சாயங்காலம் கேட்டேன்:
கணவர் விவரம் தெரியாதவர்கள் எத்தனை?
மூன்று, என்றது.
நானூறுக்கு மேல் இருக்க வேண்டும்.
மற்றவர்கள் மேல் யாரோ டேப் தட்டிப் போயிருக்கிறார்கள்.
யாரோ என்ன, பாதி நான்தான்.

ஒரே வரியில் எல்லா வெறுமையையும்
நல்லாக மாற்றிவிடலாம்.
விரல் போனது.
முதல் படிவத்திலேயே இன்னாசியம்மாள்
அந்த இடத்தில் தன் கையால் கோடு இழுத்திருந்தாள்,
காகிதம் கிழிகிற அழுத்தத்தில்.
அவளுக்கு யாருமில்லை.
அது தெரிந்த பதில்.
அதை நான் எப்படித் தெரியாததாக்குவது?

நனைந்த கட்டுகளை ஃபேனுக்கடியில் பரப்பி
ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.
நடுவில் வம்புக்குக் கேட்டுப் பார்த்தேன்,
செங்கமலத்தின் நல்லும்
அவள் ஓரகத்தியின் நல்லும் சமமா என்று.
ஆமென்றும் வரவில்லை,
இல்லையென்றும் வரவில்லை.
சரிதான்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியதும் சேமித்தேன்.
இருபத்துநான்கு படிவத்தில் மை கரைந்துவிட்டது,
நேரில்தான் கேட்க வேண்டும்.
தலைக்காட்டுக்கு ஆறரைக்கு ஒரு பஸ்,
ரோட்டில் தண்ணீர் வடிந்திருந்தால்.