முறுக்கு

முதல் சாப்ட் துணுக்காய்ச் சந்தியில் உடைந்தது.
இரண்டாவது, பாண்டியன்குளம் போகிற வழியில்,
பின்சீற் நிறையக் கலியாணவீட்டுச் சனத்தோடு.
மூன்றாவதைத்தான் பூபாலரட்ணம்
பழைய பேப்பரில் சுற்றி
மீன் கொண்டுவருகிறவர் மாதிரி
என் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

விரித்துப் பார்த்தேன்.
நேராய் ஓடவேண்டிய பற்கள்
ஒரே பக்கம் சரிந்து சுற்றியிருந்தன,
உரலில் பிழிந்த முறுக்கு.
"உடைய முதல் இது கனநாள் முறுகியிருக்குது" என்றேன்.
"சத்தம் கேட்டதுதான்," என்றார்,
"ரேடியோவைக் கூட்டிவிட்டனான்."

ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ்.
மூக்குக்குள்ளே இப்போது
நெல் லொறியொன்றின் டீசல் எஞ்சின்.
ஏனென்று கேட்டால் சொல்லமாட்டார்.
மல்லாவி முழுக்கத் தெரியும்:
மாங்குளம் ரோட்டில் ஒரு பஸ் அவரை முந்தி,
மிதிபலகையில் தொங்கின கொண்டக்டர் பொடியன்
"அப்பு, ஓரமா நில்லுங்கோ" என்று கைகாட்டின நாளிலிருந்து
மனுசனுக்கு நித்திரை இல்லை.

எஞ்சின் இழுக்கும். மண் விடாது.
கயிறிழுக்கிற போட்டியில்
அறுகிறது கயிறுதான்.

தண்டவாளத் துண்டொன்றும் டிக்கியில் கிடந்தது,
பங்கர் மூடின இரும்பு, வளவு கிண்டேக்க வந்ததாம்.
"இதை அடியில வைச்சு ஒட்டிவிடு பிள்ளை,
பிறகு ஆனை ஏறினாலும் அசையாது."
வேண்டாமென்றேன்.
அந்த இரும்பில் கரி கூட.
ஒட்டுகிற நேரம் நல்லாய்த்தான் ஒட்டும்.
ஆறினபிறகு, ஆளில்லாத பொழுதில்,
தானாய் வெடிக்கும்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
துண்டை வேலியோரம் சாத்திவிட்டுக்
கையைச் சாரத்தில் துடைத்தார்.

கிளிநொச்சிப் பழைய இரும்புக் கடையில்
லொறி சாப்ட் இரண்டு.
வவுனியா லேத்தில் கட்டையாக்கிப் பல் வெட்ட
ஒன்பது நாள், அதில் மூன்று நாள் கரண்ட் இல்லை.

அக்சில் கூட்டை இறக்கிப் பாலைக் குற்றியில் வைத்தேன்.
எட்டு மில்லித் தகடு, மென்னிரும்பு,
நடுக்குடத்தின் அடியால் வளைத்து
இடத்தில் இரண்டு விரல் நீளம், வலத்தில் இரண்டு விரல்,
பிறகு ஹோல்டரை வைத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும்.
நீளமாய் இழுத்தால்
சூடு இரும்பைத் தன் பக்கம் வளைத்துக்கொள்ளும்.
குழாய்க்குள்ளால் தங்கூசி ஓடவிட்டு
இரு முனையிலும் இறுக்கிக் கட்டி
ஒவ்வொரு ஆறலுக்கும் குனிந்து பார்த்தேன்.
அரை நூல் விலகியிருந்தது.
எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன்,
திரும்பி வந்தது.

பூபாலரட்ணம் வாளியைக் கவிழ்த்து அதிலிருந்து
"இன்னும் ஆறேல்லையோ"
"இன்னும் ஆறேல்லையோ."
தண்ணி ஊத்தப் போனவரின் கையை
இரண்டு தரம் பிடித்தேன்.

ஞாயிறு காலை, வவுனிக்குளம் கட்டேறுகிற சரிவு.
முதலாம் கியர். கிளச்சை ஒரேயடியாய் விட்டார்.
மூக்கு எழும்பியது,
பின்சில்லு கிரவலைக் கக்கியது,
கண்ணாடியில் வெறும் வானம்.
அச்சு அசையவில்லை!
அரைக் கட்டுவரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு காலடியில் ஒரு டங்.

நடுத்தண்டின் குரோஸ் இரண்டாய்க் கிடந்தது,
உடைந்த இடம் வெள்ளையாய், உப்புக்கட்டி மாதிரி.
கல்லடைக் கொடுத்துவிட்டுக் குந்திப் பார்த்தோம்.

"அதையும் பெருப்பிக்கலாம்."
"பிறகு?"
"பிறகு கியர்ப்பெட்டி போகும்."
"பிறகு?"
நான் அவருடைய வலது காலைப் பார்த்தேன்.
ரப்பர்ச் செருப்பு, பெருவிரலில் பழைய காயம்.

குளத்துக்குள் யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
"பேப்பர் ஏதும் இருக்கோ பிள்ளை" என்றார்.
துண்டு இன்னும் கையைச் சுட்டது.